பக்கத்தில் ஓர் இருக்கை

சைடுகார் மாட்டிய மோட்டார் சைக்கிளை முதன்முதலாக ஓட்டப் போகிறவரிடம் பழகியவர்கள் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: பெட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு வேகம் எடுக்காதே; ஆள் இல்லையென்றால் ஒரு மணல் மூட்டையையாவது ஏற்றிக்கொள். பாரம் குறைந்தால் வண்டிக்கு நல்லது என்றே பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். காரணம் எளிதானது. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போவதால் பெட்டியும் இடப்பக்கம்தான் இருக்கும். இடதுபுறம் திரும்பும்போது வண்டியின் எடை முழுக்க வலப்பக்கம் சரியப் பார்க்கும். பெட்டியில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருடைய எடை மூன்றாம் சக்கரத்தைத் தரையோடு பிடித்து வைக்கும். ஆள் இல்லாவிட்டால் அந்தச் சக்கரம் எழும்பிவிடும். எழும்பியதும் ஓட்டுகிறவர் பயந்துபோய் ஹேண்டிலைத் தளர்த்துவார். வண்டி வளைவை விட்டு விலகி, எதிரே வரும் வண்டிகளின் பாதைக்குள் ஓடும்.

என்னை இந்த வண்டியின் பக்கம் இழுத்தது இதுதான். பஸ்ஸோ லாரியோ காரோ, ஆள் ஏறாத நேரத்தில் ஓட்டுநருக்கு வேலை குறைவு. சைடுகாரில் மட்டும் ஓட்டுகிறவர் தனியாகப் போகும்போது ஆபத்து கூடுகிறது. அந்த வண்டியின் கணக்கிலேயே இன்னொருவர் இருக்கிறார்.

இரு சக்கர வண்டியை ஓட்டுகிற சுகமே சாய்வதில்தான் இருக்கிறது. வளைவு வருகிறது, வண்டி சாய்கிறது, உடம்பும் கூடவே சாய்கிறது. மூன்றும் ஒரே அசைவாக முடிந்துவிடுகின்றன. அந்த அசைவுக்குள் நாம் கவனிக்காத ஒரு காரியம் நடக்கிறது. ஓரளவு வேகத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஹேண்டில்பாரின் இடது முனையை நாம் முன்னால் தள்ளுகிறோம். முன்சக்கரம் ஒரு நொடிக்கும் குறைவாக வலப்பக்கம் ஒடிகிறது, வண்டி அதனால் இடப்பக்கம் சாய்கிறது, சாய்ந்த பிறகே திரும்புகிறது. இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவரைக் கேட்டாலும் தான் அப்படிச் செய்வதாக ஒப்புக்கொள்ள மாட்டார். கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது.

மூன்றாம் சக்கரம் வந்த அன்றைக்கு இந்த அறிவு செல்லாமல் போகிறது. சைடுகார் வண்டி சாயாது. ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் போகும். இடது வளைவில் பழக்கதோஷத்தால் இடது முனையை முன்னே தள்ளுகிறவருக்கு வண்டி வலப்பக்கம் பாயும். ஆகவே மோட்டார் சைக்கிளே ஓட்டத் தெரியாதவர் இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வார், கைதேர்ந்தவர்தான் திணறுவார். இன்னொன்றும் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பெட்டி பின்தங்கப் பார்க்கும், வண்டி இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் பெட்டி முந்தப் பார்க்கும், வண்டி வலப்பக்கம் திரும்பும். நேர்ச்சாலையில்கூட ஒவ்வொரு முறுக்குக்கும் ஒவ்வொரு பிரேக்குக்கும் கை ஒரு சிறு திருத்தம் செய்தாக வேண்டும். தோள்பட்டை வலிக்கும். ஒரு பக்கம் மட்டும் பாரம் சுமக்கும் வண்டியில் நேராகப் போவதும் ஒரு வேலையாகிவிடுகிறது.

இந்த வேலையின் பெரும்பங்கைப் பட்டறையிலேயே குறைத்துவிட முடியும் என்பதை நண்பர் ஒருவரின் புல்லட்டுக்கு சைடுகார் மாட்டியபோது கூட இருந்து பார்த்தேன். சென்னையில், பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையின் ஒரு சந்து. வண்டி, வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் இருந்த காலத்துப் பழைய 350. எங்கிருந்தோ கிடைத்த பெட்டி, பழைய சாமான்தான். தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, உள்ளே புதிதாக ரெக்ஸின் தைத்திருந்தார்கள். மெக்கானிக் வண்டியையும் பெட்டியையும் ஒரு முறை சுற்றிவந்தார். விலை பேசவில்லை, எப்போது முடியும் என்று சொல்லவில்லை.

“இதுல யாரு சார் உக்காரப் போறாங்க?”

“எங்கம்மா, பாய்.”

“எவ்ளோ வெயிட் இருப்பாங்க?”

நண்பர் யோசித்து ஒரு எண்ணைச் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். “சரி, மாட்டிவுட்றேன். ஆனா கடைசி நாள் அம்மாவைக் கூட்டிட்டு வந்துருங்க. அவங்க உக்காந்தாதான் அலைன்மென்ட் பாக்க முடியும்.”

நண்பரின் தாயாருக்கு முழங்கால் மடங்காது. மகனுடைய வண்டியின் பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து போனதெல்லாம் பழைய கதை. ஆட்டோவில் ஏறவும் ஒருவர் கை கொடுக்க வேண்டும். மகனோடு வண்டியில் போக வேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் மகன் கிளம்பும்போதெல்லாம் வாசல்வரை வந்து நிற்பாராம்.

வேலை நடந்தது. பெட்டியின் சட்டத்தை வண்டியோடு நாலு இடத்தில் பிடிக்க வேண்டும்: கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழ்ப்பிடிகள் பாரத்தைத் தாங்கும். மேல்பிடிகள் வண்டி எவ்வளவு நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். புல்லட்டில் ஒரு சிக்கல். அதன் முன்குழாய் இஞ்சினுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. இஞ்சினே பாலமாக நின்று முன்னையும் பின்னையும் சேர்க்கிறது. அடியில் பிடித்துக்கொள்ள நீளக்குழாய் கிடையாது. ஆகவே முதலில் வண்டிக்கு அடியில் தனியாக ஒரு துணைச் சட்டம் கட்டினார். முன் ஃபோர்க்கில் கெட்டியான ஸ்பிரிங் போட்டார். கூடுதல் பாரத்தை இழுப்பதற்காக முன் ஸ்ப்ராக்கெட்டைப் பல் குறைந்ததாக மாற்றினார். வண்டியின் உச்சவேகம் அன்றோடு போயிற்று. நண்பர் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் அளவு. வண்டியின் இரண்டு சக்கரங்களையும் ஒட்டி ஒரு நேரான இரும்பு ஆங்கிளைத் தரையில் வைத்தார். பெட்டியின் சக்கரத்தை ஒட்டி இன்னொன்று. இரண்டுக்கும் இடையே பின்னால் டேப் வைத்து அளந்தார், முன்னால் அளந்தார். முன்னால் அளவு அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம்வரை குறைவாக இருக்க வேண்டும். அதாவது பெட்டியின் சக்கரம் வண்டியைப் பார்த்துக் கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி வண்டியை இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும். பெட்டிச் சக்கரத்தின் அச்சு, வண்டியின் பின்சக்கர அச்சுக்கு ஏறக்குறைய ஒரு சாண் முன்னால் நின்றது. இது வலது வளைவுக்கான ஏற்பாடு. வலப்பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் பெட்டியின் மூக்கில் வந்து விழும். சக்கரம் முன்னால் இருந்தால் அதைத் தாங்கும். ரொம்பவும் முன்னால் போனால் டயர்கள் தேய்ந்தே தீரும். அளவு இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

கடைசி அளவுக்குத்தான் அம்மா தேவைப்பட்டார். சைடுகார் மாட்டிய வண்டி செங்குத்தாக நிற்கக் கூடாது. பெட்டிக்கு எதிர்ப்பக்கமாக ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். இடது இடுப்பில் தண்ணீர்க் குடத்தை வைத்து நடக்கிற பெண் உடம்பை வலப்பக்கம் ஒதுக்கிக்கொள்கிறாளே, அதே கணக்கு. எவ்வளவு ஒதுங்குவது என்பது குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சொன்னபடி நண்பர் தாயாரை ஆட்டோவில் அழைத்துவந்தார். இருவர் பிடித்து, பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, அவரை உள்ளே உட்காரவைத்தார்கள்.

“கால நீட்டிக்கலாமாப்பா?”

“தாராளமா நீட்டிக்கோங்கம்மா. நீட்டிக்கத்தான் இது.”

அவர் காலை நீட்டினார். பெட்டியின் மூக்குவரை இடம் இருந்தது. மடியில் பையை வைத்து, இரண்டு கைகளாலும் அதைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். நண்பர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மெக்கானிக் ஹேண்டிலின் நடுவிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டார். ஸ்பிரிங்குகள் அமுங்கியதால், காலியாக இருந்தபோது வைத்த சாய்வு காணாமல் போயிருந்தது. “அம்மா, ரெண்டு நிமிஷம் அசையாம இருங்க” என்று சொல்லிவிட்டு, மேல்பிடியின் மரையை ஸ்பேனரால் கால் சுற்று, இன்னும் கால் சுற்று திருப்பினார். நூல் வண்டியின் நடுக்கோட்டை விட்டு மெல்ல விலகியது. அம்மா மூச்சைப் பிடித்திருந்தார் என்று நினைக்கிறேன். தன் எடை எங்கோ கணக்கில் எடுக்கப்படுகிறது என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

அந்தப் பழைய புல்லட்டைப் பற்றி இன்னொரு விஷயத்தைப் பிற்பாடு அம்மாவே சொன்னார். பெட்டியில் உட்கார்ந்தால் கண்மட்டம் தாழ்வாக இருக்கும். இஞ்சின் சத்தத்தில் பேச முடியாது. ஆனால் மகனின் இடது கால் கண்ணெதிரே தெரியும். அந்தக் காலில்தான் பிரேக். பாதம் பெடலை நோக்கி நகர்ந்ததும் வண்டி நிற்கப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். பின்சீட்டில் இருப்பவருக்கு இது கிடைக்காது. அவருக்கு ஓட்டுகிறவரின் முதுகுதான் தெரியும். யாங்கோனின் சைக்கிள் சைடுகாரில் இரண்டு பயணிகள் முதுகோடு முதுகாக உட்காருகிறார்கள். ஒருவர் போகிற திசையைப் பார்ப்பார், மற்றவர் கடந்துவந்த தெருவைப் பார்ப்பார். பினாங்கில் பயணியை முன்னால் உட்காரவைத்து ஓட்டுகிறவர் பின்னாலிருந்து மிதிக்கிறார். நம் சைக்கிள் ரிக்‌ஷாவில் பயணி பின்னால். இருக்கை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள உறவே வேறாகிறது. பக்கத்தில் உட்காருவதில் ஒரு சமநிலை இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே சாலையை ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள்.

சைடுகாரின் சரித்திரம் மோட்டார் சைக்கிளின் சரித்திரத்தை ஒட்டியே வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அது குடும்ப வண்டியாக நிலைபெற்றது. கார் வாங்க வசதியில்லாத தொழிலாளி, மனைவியையும் குழந்தையையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனார். அப்படிப்பட்ட கடற்கரை ஊர்களில் ஒன்றான பிளாக்பூலில், 1922-ல், வில்லியம் வால்ம்ஸ்லி, வில்லியம் லயன்ஸ் என்ற இருவர் ஸ்வாலோ என்ற பெயரில் சைடுகார் கம்பெனி தொடங்கினார்கள். லயன்ஸுக்கு அந்த ஆண்டுதான் இருபத்தொரு வயது. பளபளக்கும் அலுமினியத் தகடு போர்த்திய அவர்களுடைய பெட்டிகளின் அழகு பேசப்பட்டது. அதே 1922-ல்தான், சைடுகார் வைத்திருக்கும் குடும்பங்களை மனதில் வைத்து ஆஸ்டின் செவன் என்ற சின்னக் கார் சந்தைக்கு வந்தது. 1927-ல் ஸ்வாலோ கம்பெனியே அந்த ஆஸ்டின் செவனுக்கு அழகான உடற்கூடு கட்டிக் கொடுக்கத் தொடங்கியது. பிறகு முழுக் கார்களைச் செய்தார்கள். 1945-ல் கம்பெனியின் பெயர் ஜாகுவார் என்று மாறியது. இன்று ஜாகுவார் காரைத் திரும்பிப் பார்க்கிற யாருக்கும் அதன் வேர் ஒரு மோட்டார் சைக்கிளின் பக்கத்துப் பெட்டியில் இருப்பது நினைவுக்கு வராது. 1959-ல் மினி வந்தது. அதோடு இங்கிலாந்தின் தெருக்களில் குடும்ப சைடுகார் அருகிப்போனது.

இரண்டு உலகப் போர்களிலும் பெட்டியில் மெஷின்கன் உட்கார்ந்தது. காயம்பட்டவரைக் கிடத்திக்கொண்டு போகும் ஸ்ட்ரெச்சரும் அங்கேதான். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. ஆர்75 வண்டியில் பெட்டிச் சக்கரத்துக்கும் இஞ்சினின் இழுவை போனது. ரிவர்ஸ் கியரும் இருந்தது. அந்த ரிவர்ஸ் கியரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு அதிகம் பிடித்தது பந்தயக்காரர்களின் கதை. 1949-ல் முதல் உலக சைடுகார் சாம்பியன் பட்டத்தை வென்றவர் எரிக் ஆலிவர். அவர் பெட்டியில் இருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன். பந்தயப் பெட்டியில் உட்கார இடம் கிடையாது. ஒரு தட்டும் சில கைப்பிடிகளும்தான். ஒரு பக்க வளைவில் பெட்டிக்கு வெளியே, தார்ச்சாலை உரசும் தூரத்தில் உடம்பைத் தொங்கவிட வேண்டும். மறுபக்க வளைவில் ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் பின்சக்கரத்தின் மேல் படுக்க வேண்டும். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பார்க்க நேரமில்லை. மற்றவர் சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருப்பார் என்று நம்பித்தான் வளைவுக்குள் நுழைகிறார். மணல் மூட்டை செய்கிற வேலையை உயிரும் மூளையும் உள்ள ஒருவர் செய்தால் அது எவ்வளவு பெரிய கலையாகும் என்பதற்கு இந்தப் பந்தயம் சாட்சி.

அதே ஜென்கின்சன் 1955-ல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸின் மெர்சிடிஸ் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். ஆயிரம் மைல் தூரம், திறந்த சாலை. முன்கூட்டியே வழியைச் சுற்றிப்பார்த்து, ஒவ்வொரு வளைவையும் குறித்துவைத்து, 15 அடிக்கு மேல் நீண்ட காகிதச் சுருளாக்கி, ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். இஞ்சின் சத்தத்தில் குரல் எடுபடாது என்பதால் கைச்சைகைகள். அவர் கை காட்டிய வேகத்தில், மறுபுறம் என்ன இருக்கிறது என்று தெரியாத மேடுகளை மாஸ் தாண்டினார். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் பந்தயத்தை முடித்து வென்றார்கள். பக்கத்து இருக்கையில் உட்காருவது ஒரு தொழில் என்பதை ஜென்கின்சன் சைடுகாரில்தான் கற்றார் என்பது என் எண்ணம்.

ஆலிவரின் கதையிலும் ஒரு அத்தியாயம் பாக்கி இருக்கிறது. நான்கு முறை உலக சாம்பியனான அவர், 1958-ல் ஐல் ஆஃப் மேன் டி.டி. பந்தயத்துக்கு ஒரு நார்ட்டன் டாமினேட்டரைக் கொண்டுவந்தார். அதில் மாட்டியிருந்தது, குடும்பங்கள் வாங்குகிற வாட்சோனியன் மொனாக்கோ சைடுகார். பக்கத்தில் பேட் வைஸ் என்ற பெண்மணி. தரையை ஒட்டிய பந்தய வண்டிகளுக்கு நடுவே, கடற்கரைக்குப் போகிற வண்டி. பத்தாவதாக வந்தார்கள். சாதாரணப் பெட்டியும் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டத்தான் வந்தாரோ, அவருக்கே வெளிச்சம். பட்டங்களை விட இந்தப் பத்தாம் இடத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். வாழ்நாளெல்லாம் தான் வென்றது யாருக்காக உண்டாக்கப்பட்ட வண்டியில் என்பதை அவர் மறக்கவில்லை.

நம் நாட்டில் சைடுகார் என்றால் பெரும்பாலோருக்கு 1975-ல் வந்த ‘ஷோலே’ நினைவுக்கு வரும். கர்நாடகத்தின் ராமநகரப் பாறைகளுக்கு நடுவே அமிதாப் பச்சனும் தர்மேந்திராவும் பழைய பி.எஸ்.ஏ. வண்டியில் பாடிக்கொண்டு போவார்கள். அந்தப் பாட்டில் ஒரு கட்டத்தில் பெட்டி தனியே கழன்று ஓடி மறுபடியும் வந்து ஒட்டிக்கொள்ளும். சினிமாவுக்கு வெளியே, சைடுகார் ஓடியது ஸ்கூட்டர்களோடு. வெஸ்பா, லாம்ப்ரெட்டா, பிறகு பஜாஜ். முன்னால் ஒரு பையன் நின்றுகொண்டு, அப்பா ஓட்ட, அம்மாவும் இன்னொரு குழந்தையும் பெட்டியில். வடக்கில் இது அதிகம். நம் ஊர்களிலும் உண்டு. மாருதி 800 வந்தபின் அந்தக் குடும்பங்கள் மெல்ல மெல்ல காருக்குள் போயின.

சட்டத்தின் புத்தகத்தில் சைடுகார் இன்னும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(27) பிரிவு, கூடுதல் சக்கரத்தோடு கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரையும் சேர்த்தே மோட்டார் சைக்கிளை இரு சக்கர வாகனம் என்கிறது. சாலையில் மூன்று சக்கரம் ஓடினாலும் சட்டத்துக்கு அது இரு சக்கரம்தான். அதே சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது சைடுகாரில் இருப்பவருக்கு விலக்குத் தந்திருந்தது. 2019 திருத்தத்தில் அந்த விலக்கு போய்விட்டது. போனது நியாயம். பெட்டிக்குள் இருப்பவர் பத்திரமாக இருக்கிறார் என்று தோன்றும். உண்மையில் அவர் தலை காரின் பம்பருக்கும் லாரியின் சக்கரத்துக்கும் கிட்டத்தில் இருக்கிறது. இன்று ஒருவர் தன் வண்டிக்குப் புதிதாக சைடுகார் மாட்டுவதும் அவ்வளவு சுலபமில்லை. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. கம்பெனி தந்த அமைப்பை மாற்றுவதற்கு எதிராக உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கடுமையாகச் சொல்லிவிட்டது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் பெட்டியில் இருந்தவர் யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். மனைவி, குழந்தை, வயதான தாய், காயம்பட்ட சிப்பாய். ஜென்கின்சனைப் போன்ற ஒரு சிலரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் ஏற்றிச் செல்லப்பட்டவர்கள். சைடுகார் அவர்களுக்கு மரியாதையான இடம் தந்தது. பின்சீட்டில் தொற்றிக்கொண்டு போக வைக்கவில்லை. ஆனால் எப்போது கிளம்புவது, எந்தச் சாலையில் போவது என்பதை முடிவு செய்தவர் வேறொருவர். நண்பரின் தாயார் காலை நீட்டி உட்கார்ந்த அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கும் மகனுக்கு ஓய்வுள்ள நாள் வாய்க்க வேண்டும்.

அந்த முடிவைக் கை மாற்றிய வண்டி நம் தெருக்களில் தினமும் ஓடுகிறது. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம் சேர்த்த ஸ்கூட்டர். தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக இதை இலவசமாகத் தருகிறது. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் என்பது அரசாணைப் பெயர். சொந்தச் செலவில் பட்டறையில் மாட்டிக்கொள்கிறவர்களும் ஏராளம். சட்டமும் கொஞ்சம் இறங்கிவந்திருக்கிறது. 1988-ல் இதற்கென இருந்த பிரிவு, மாற்றியமைத்த வண்டியை ஏற்கவில்லை; உடல்குறை உள்ளவருக்கென்றே முதலிலிருந்து கட்டிய வண்டியைத்தான் ஏற்றது. 2019 திருத்தம் மாற்றியமைத்த வண்டியையும் சேர்த்துக்கொண்டது. மணிக்கட்டில் வளையல் போட்ட கை ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறது. ஊன்றுகோல்கள் பக்கவாட்டுக் கொக்கியில் செருகியிருக்கின்றன. பின்சீட்டில் மளிகைப் பையோடு அம்மா உட்கார்ந்திருக்கிறார். போலியோவில் கால் சூம்பிய மகளைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு நடந்த தாய், இன்று மகளின் வண்டியில் பயணி.

இந்த வண்டியிலும் சாய்வு இல்லை. வளைவில் உடம்பு வெளிப்பக்கம் தள்ளும்; வேகத்தைக் குறைத்தே திரும்ப வேண்டும். சாலையோடு இதன் தகராறு சைடுகாரைவிடப் பெரிது. சாதாரண மோட்டார் சைக்கிள் ஒரே தடத்தில் ஓடுவதால் பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே நுழைந்து போய்விடும். சைடுகாருக்கு இரண்டு தடம். இதற்கு மூன்று. ஒன்றில் தப்பினால் இன்னொன்று விழும். அதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. துணைச் சக்கரங்களை ஸ்பிரிங் இல்லாமல் இறுக்கமாக வெல்டிங் செய்த வண்டியில், இரண்டு பக்கச் சக்கரங்களும் மேட்டில் ஏறி நடுச்சக்கரம் பள்ளத்தில் தொங்கினால் இழுவை போய்விடும். இஞ்சின் ஓடும், நடுச்சக்கரம் வெறும் காற்றில் சுற்றும், வண்டி அசையாது. காலை ஊன்றித் தள்ள முடிந்தவருக்கு இது ஒரு சின்ன எரிச்சல். இவரோ யாராவது வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். துணைச் சக்கரங்களுக்குத் தனி ஷாக் அப்சார்பர் வைத்தால் இது பெருமளவு தீரும். செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. செலவு கூடும் என்று விட்டுவிடுகிற பட்டறைகளும் இருக்கின்றன.

ரிவர்ஸ் கியரை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். வங்கி வாசலிலோ பள்ளிக்கூட வாசலிலோ சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டால், வெளியே எடுக்கப் பின்னால் தள்ள வேண்டும். இரு சக்கர வண்டி ஓட்டுகிறவர் இரண்டு காலாலும் தரையை உந்தி எடுத்துவிடுவார். இந்த வண்டியை ஓட்டுகிறவருக்குக் கால்கள் அந்த வேலைக்கு உதவாது. அதனால்தான் இந்த வண்டியே. ஆனால் நான் பார்த்த பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் போகத் தெரியாது. போர்முனைச் சிப்பாய்க்கு 1940-களிலேயே கொடுத்த வசதி இது. இன்றும் ரஷ்ய மரபில் வந்த உரால் சைடுகார் வண்டிகளில் ரிவர்ஸ் கியர் இருக்கிறது. சொந்தமாக வண்டி ஓட்டி வேலைக்கு வந்த பெண், வண்டியைத் திருப்பி எடுக்க மட்டும் வாட்ச்மேனை அண்ணா என்று கூப்பிட்டுக் காத்திருக்கிறார். தயக்கமில்லாமல் உதவுகிற மனிதர்கள்தான் நம் ஊரில் அதிகம். ஆனால் தினமும் கேட்டு நிற்க வேண்டியவர் அவரல்லவா.

இப்போது ஏத்தர், டி.வி.எஸ். ஐக்யூப் போன்ற மின்சார ஸ்கூட்டர்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி மெதுவாகப் பின்னால் நகர்கிறது. கால் நன்றாக உள்ளவர்களின் பார்க்கிங் வசதிக்காக வந்த பொத்தான் அது. துணைச் சக்கரங்களை, ஸ்பிரிங்கோடு, இப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பொருத்திக் கொடுப்பதில் தொழில்நுட்பத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. புதுப்பேட்டை மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது அவர் பேட்டரி எங்கே இருக்கும், அதன் எடை எவ்வளவு, மேல்பிடியை எதில் மாட்டுவது என்று கேட்டார். பிறகு, “ஓட்டப்போறவங்கள ஒருதரம் கூட்டிட்டு வாங்க சார், உக்காரவெச்சுப் பாக்கணும்” என்றார்.